இடுப்பை நெட்டி எடுத்தால் வலி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 51. ஜவுளிக் கடையில் சுடிதார் துணிப் பிரிவில் வேலை. தினமும் பத்து மணி நேரம் நின்றபடியே இருக்கிறேன். ஏழு மாதமாக வலது பக்கம் இடுப்பு வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அரை மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது. உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி சுள்ளென்று இழுக்கிறது. தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை வலி இறங்குகிறது. முதுகு எக்ஸ்ரே எடுத்ததில் ‘எல்4–எல்5 டிஸ்க் தேய்மானம்’ என்று வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் வீடியோ பார்த்துவிட்டு, கையால் மூட்டுகளை நெட்டி எடுத்து வைத்தியம் செய்யும் கைரோபிராக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனான். அவர் கால் இரண்டையும் நீட்டிப் பார்த்து, “வலது கால் குட்டையாக இருக்கிறது, இடுப்பெலும்பு விலகியிருக்கிறது. 24 அமர்வு வர வேண்டும், முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினால் தள்ளுபடி உண்டு” என்றார். கட்டலாமா? இதில் ஆபத்து ஏதும் உண்டா?

— வாசகி, கரூர் மாவட்டம்

பதில்:

இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். கைரோபிராக்டிக் என்றாலே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. உங்கள் வலி எங்கிருந்து வருகிறது என்பதை இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குள் 24 அமர்வு என்ற கணக்கு எப்படி வந்தது?

குழப்பம் ‘இடுப்பு’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. ‘இடுப்பு வலி’ என்று வருபவரிடம் ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், ஒருவர் பாவாடை நாடா கட்டும் இடத்தில் முதுகைத் தொடுவார். தென்மாவட்டத்தில் அதைக் குறுக்கு வலி என்பார்கள். இன்னொருவர் பிட்டத்தின் நடுவில் கை வைப்பார். மூன்றாமவர் தொடையிடுக்கைக் காட்டுவார். நான்காமவர் பக்கவாட்டில், சப்பைக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பைத் தொடுவார். இந்த நான்கும் நான்கு வேறு சங்கதிகள். முதல் இரண்டும் பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்தோ, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டிலிருந்தோ வருபவை. தொடையிடுக்கு வலி என்றால் முதல் சந்தேகம் உண்மையான இடுப்பு மூட்டின் மேல், அதாவது தொடையெலும்பின் பந்துபோன்ற தலை கிண்ணத்துக்குள் உட்காரும் மூட்டின் மேல். பக்கவாட்டு வலிக்குப் பெரும்பாலும் காரணம் அந்தத் துருத்திய எலும்பில், டிரோக்கண்டரில், வந்து ஒட்டும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண்.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் இந்த நான்காவது வகையைக் காட்டுகிறது. அந்தப் பக்கம் படுக்க முடியாமை, படியேற்றத்தில் வலி, உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடியில் வலி, தொடையின் வெளிப்பக்கம் முழங்கால் வரை இறங்குவது, 40 வயதைத் தாண்டிய பெண் என்பது, எல்லாமே பொருந்துகின்றன. குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்று பிட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகள் இருக்கின்றன. நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது இவைதான். இவற்றின் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் நாள்பட அழுந்தினால் நைந்து போகிறது. முன்பெல்லாம் இதை ‘பர்சைட்டிஸ்’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே இருக்கும் நீர்ப்பை வீங்குவதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பிரச்சினையின் வேர் தசைநாணில்தான்.

வீட்டிலேயே மூன்று விஷயம் பாருங்கள். வலது பக்கம் துருத்திய எலும்பைக் கட்டை விரலால் அழுத்தும்போது “இதேதான்” என்று தோன்றுகிறதா? சுவரை ஒரு விரலால் மட்டும் தொட்டபடி வலது காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் பக்கவாட்டில் உங்கள் வழக்கமான வலி வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தசைநாணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மூன்றாவது, சம்மணம் போட்டு உட்காருங்கள். இடது முழங்கால் தரைப்பக்கம் இறங்கி, வலது முழங்கால் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றாலோ, தொடையிடுக்கில் பிடித்தாலோ கதை வேறு. காலை மடக்கி மெட்டியைச் சரிசெய்யவோ நகம் வெட்டவோ முடியவில்லை என்றாலும் அப்படித்தான். அது மூட்டுத் தேய்மானமாகவோ, தொடையெலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நலியும் அவாஸ்குலர் நெக்ரோசிஸாகவோ இருக்கலாம். இரண்டாவதற்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு, மதுப்பழக்கம் முக்கியக் காரணங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும்.

உங்கள் எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எடுத்தது முதுகுக்கு. அதில் இடுப்பு மூட்டு முழுதாக விழாது. ‘டிஸ்க் தேய்மானம்’ என்ற வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வெளியானது. 50 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு அந்தத் தேய்மானம் இருந்தது. தலைமுடி நரைப்பதுபோல அது வயதின் அடையாளம். எடுக்க வேண்டியது, இரண்டு இடுப்பு மூட்டும் ஒரே படத்தில் தெரியும் பெல்விஸ் எக்ஸ்ரே. சாதாரண எக்ஸ்ரேதான், செலவும் அதிகமில்லை.

இனி, ‘விலகல்’. பந்தும் கிண்ணமும் சேர்ந்த இடுப்பு மூட்டு உடம்பிலேயே ஆழமாக, வலுவான தசைநார்களால் இறுக்கிக் கட்டப்பட்ட மூட்டு. அது விலக வேண்டுமென்றால் கார் விபத்தில் முழங்கால் டேஷ்போர்டில் மோதுவது போன்ற அடி வேண்டும். விலகினால் நடந்து போய்க் காட்ட முடியாது. ஆம்புலன்ஸில் போய், மயக்கம் கொடுத்து, சில மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டிய அவசரம் அது. கைரோபிராக்டர்கள் ‘விலகல்’ என்பது பெரும்பாலும் சாக்ரோஇலியாக் மூட்டை. அது அசைவதே ஓரிரண்டு டிகிரி அளவுக்குத்தான். 1998ல் ஸ்வீடனில் அந்த மூட்டை நெட்டி எடுப்பதற்கு முன்னும் பின்னும் துல்லியமான எக்ஸ்ரே முறையில் அளந்து பார்த்தார்கள். எலும்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர்களோ ‘சரியாகிவிட்டது’ என்றே சொன்னார்கள்.

‘டக்’ என்ற சத்தம் எலும்பு பொருந்தும் சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக்குமிழி உருவாகிறது. அதன் சத்தம் அது. விரலில் சொடக்கு எடுத்த உடனே மறுபடி எடுத்தால் வராது, கொஞ்ச நேரம் ஆக வேண்டும் அல்லவா? அதே கதைதான். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதுதான்.

கால் குட்டை என்பதும் அப்படியே. படுக்கவைத்துக் குதிகாலைச் சேர்த்துப் பார்ப்பது நம்பகமான அளவை இல்லை. நீங்கள் சற்றே சாய்ந்து படுத்தாலும், ஒரு பக்கத் தசை இறுகியிருந்தாலும் அரை அங்குலம் கூடும், குறையும். ஒரு சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் எத்தனையோ பேருக்கு உண்டு, அவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

அப்படியானால் நெட்டி எடுத்ததும் பலருக்கு இதமாக இருப்பது எதனால்? வேகமான சிறு அசைவு, மூட்டைச் சுற்றியுள்ள நரம்புகள் வழியாக வலியுணர்வையும் தசை இறுக்கத்தையும் கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கிறது. அந்த இதம் உண்மையானது, சில மணி நேரமோ சில நாளோ இருக்கும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்து தசையைப் பலப்படுத்தினால் பயன் உண்டு. சும்மா இருந்தால் அடுத்த அமர்வுக்குப் போக வேண்டியதுதான். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு முதுகு வலிக்கு 2016ல் வெளியிட்ட வழிகாட்டி, கையால் நெட்டி, இழுத்து, அமுக்கிச் செய்யும் இந்தக் கை வைத்தியத்தை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் அனுமதிக்கிறது, தனியாக அல்ல.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு வந்தால் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 2004ல் நெதர்லாந்தில் 109 பேரிடம் பார்த்தபோது, காலை நீளவாக்கில் இழுத்து மூட்டைத் தளர்த்தும் கை வைத்தியம் வெறும் உடற்பயிற்சியைவிட மேலாக இருந்தது. 2014ல் ஆஸ்திரேலியாவில் 102 பேரிடம், கை வைத்தியமும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள், வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி, உடற்பயிற்சியோடு கை வைத்தியத்தைக் கூடுதலாகச் சேர்க்கத் தேவையில்லை என்ற பக்கம் சாய்கிறது. ஆக, கை வைத்தியத்தின் பயன் முதுகிலிருந்து வரும் வலிக்கு ஓரளவு, மூட்டுத் தேய்மானத்துக்கு இருந்தாலும் இருக்கலாம் என்ற அளவு.

உங்களுக்கு இருப்பதாகத் தெரியும் தசைநாண் பிரச்சினைக்கோ, வழக்கமான நெட்டி ஒரு விதத்தில் எதிரி. எப்படி என்று பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். மேலே இருக்கும் காலை மடக்கி, முழங்காலை உடம்பின் குறுக்கே மேசை விளிம்பைத் தாண்டி இறக்கி, அதன் மேல் தன் எடையைப் போட்டு ஒரு வெட்டு வெட்டுவார்கள். கால் இப்படிக் குறுக்கே வரும்போதுதான் அந்தத் தசைநாண் டிரோக்கண்டர் எலும்பின் மேல் நன்றாக அழுந்துகிறது. ஏற்கெனவே நைந்த இடத்தை மறுபடி நசுக்குவதுதான் இது. கீழ்ப்பக்கம் வலது இடுப்பு இருந்தால் அது மேசையில் அழுந்தும். எந்தப் பக்கம் படுத்தாலும் நட்டம். இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் இரட்டிப்பாக வலிக்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபத்து என்று கேட்டீர்கள். இடுப்புப் பகுதியில் நெட்டி எடுப்பதால் பெரும்பாலும் வருவது ஒன்றிரண்டு நாள் உடம்பு வலி, அவ்வளவுதான். ஆனால் எலும்பு மெலிந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் வந்தவர்கள் இதைத் தொடக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்குக் காலைக் குறுக்கே மடக்கித் திருகும் அசைவு செயற்கை மூட்டையே கழற்றிவிடக்கூடும். மாலையில் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் எந்த நிலையில் படுத்தாலும் வலி என்றிருந்தால் நம் நாட்டில் இடுப்பு மூட்டுக் காசநோயையும் நினைக்க வேண்டும். அதன் மேல் வெட்டு வெட்டினால் என்ன ஆகும்? கீழே விழுந்த பின் காலை ஊன்ற முடியாமை, கால் மரத்துப் போய் பலம் குறைதல், சிறுநீர் கழிப்பதில் சிக்கல், உள்ளாடை படும் இடத்தில் உணர்வின்மை, இவற்றில் எது வந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. இடுப்புக்கென்று போனாலும் ‘முழு உடம்புப் பேக்கேஜ்’ என்று கழுத்தையும் திருகுவார்கள், தலையில் பட்டை மாட்டி வெடுக்கென்று இழுப்பார்கள். வீடியோவில் அதிகம் ஓடுவது இந்தக் காட்சிதான். கழுத்தின் பின்புறம் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அரிதாகக் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இடுப்பு வலிக்குக் கழுத்தைத் தொட ஒரு காரணமும் இல்லை. “கழுத்து வேண்டாம்” என்று மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? மருந்தைவிட முதலில் மாற்ற வேண்டியது நிற்கும் விதம். கவுன்ட்டரில் நிற்கும்போது கவனியுங்கள். உடம்பின் எடை முழுவதையும் வலது காலில் போட்டு, இடுப்பை வெளியே தள்ளி ஒய்யாரமாகச் சாய்ந்திருப்பீர்கள். பத்து மணி நேரம் நிற்கும் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். அப்போதுதான் தசைநாண் நசுங்குகிறது. இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். ஆறு அங்குல உயரப் பலகை ஒன்றைக் கவுன்ட்டருக்கு அடியில் போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதில் வையுங்கள், அப்போதும் இடுப்பை வெளியே தள்ளாமல். உட்காரவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021ல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள், கால் மேல் கால் போடாமல், முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி.

தரையில் கால்களை ஒரு பக்கம் மடித்து உட்காருவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மகனின் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதும் அதே கணக்குத்தான், தொடை இரண்டும் நெருங்கி இடுப்பு திருகி இருக்கும். சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் நல்லது, இல்லையென்றால் சில வாரம் பஸ்ஸே மேல். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது இடது கால் முதலிலும் இறங்கும்போது வலது கால் முதலிலும் வையுங்கள்.

ராத்திரி மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும் என்றால் இடது பக்கம். அப்போது வலது கால் முன்னால் சரிந்து விழும், அதுவும் தசைநாணை இழுக்கும். அதனால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி இரண்டு தலையணை. முழங்காலுக்கு இடையில் மட்டும் ஒன்றைச் செருகிவிட்டுப் பாதத்தைத் தொங்கவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

பயிற்சியில் அவசரப்பட வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு தொடையையும் சேர்த்து ஒரு துப்பட்டாவைக் கட்டுங்கள். உங்கள் பலத்தில் கால் பங்கு மட்டும் போட்டு இரு தொடையையும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். துணி இளகாது, கால் அசையாது, தசை மட்டும் இறுகும். 10 விநாடி பிடித்து விடுங்கள். ஐந்து முறை, காலையும் மாலையும். இது வலியைத் தணிக்கும் பயிற்சி, முதல் நாளிலிருந்தே செய்யலாம். அதே நிலையில் பிட்டத்தைத் தரையிலிருந்து தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குவது 10 முறை, இரண்டு சுற்று. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது 10 முறை, இரண்டு சுற்று. முதலில் நாற்காலியில் ஒரு மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது. மூன்று, நான்கு வாரம் போனதும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் 10 விநாடி நிற்கப் பழகுங்கள், இடுப்பு வெளியே தள்ளாமல். பிறகு தொடையில் ரப்பர் பட்டை மாட்டி பக்கவாட்டில் அடி வைத்து நடப்பது.

பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று, நான்கு என்றால் பரவாயில்லை. அன்று ராத்திரி வலி கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். முழங்காலை எதிர்த் தோளை நோக்கி இழுத்துப் பிடிக்கும் ‘ஸ்ட்ரெச்’ மட்டும் வேண்டவே வேண்டாம். வெளிப்பக்கம் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றுவதால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதுதான் ஆறவிடாமல் வைத்திருக்கிறது.

இந்த வழிக்கு ஆதாரம் இருக்கிறது. 2018ல் ஆஸ்திரேலியாவில் இதே பிரச்சினையுள்ள 204 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில், நிற்கும் விதத்தைத் திருத்திப் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58, காத்திருந்தவர்களில் 29. ஓராண்டு கழிந்தும் தேறியவர்கள் பயிற்சிப் பிரிவில்தான் அதிகம். உங்களுக்கு ஊசி என்று யாராவது சொன்னால், சர்க்கரை சில நாள் எகிறும் என்பதை நினைவில் வையுங்கள், அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துப் பாருங்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் போடுவதும் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

முதலில் தூக்கம் சரியாகும், அதற்கு மூன்று, நான்கு வாரம். படியேற்றம் கடைசியில்தான் சரியாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் கைரோபிராக்டரிடம் போக வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், பெல்விஸ் எக்ஸ்ரேயோடு போங்கள். எந்தக் கல்லூரியில், எத்தனை ஆண்டு படித்தார் என்று கேளுங்கள். வார இறுதிப் பயிற்சி வகுப்பும் ஐந்தாண்டுப் படிப்பும் ஒன்றல்ல. உங்கள் மாத்திரைகளைக் கேட்காமல், மூட்டைச் சுழற்றிப் பார்க்காமல் மேசையில் ஏறச் சொன்னால் இறங்கி வந்துவிடுங்கள். ஒருக்களித்து வெட்டுவது வேண்டாம், பிட்டத் தசையை அமுக்கித் தளர்த்துவதும் மூட்டை மென்மையாக நீளவாக்கில் இழுப்பதும் போதும் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் அன்றன்றைக்குப் பணம். நான்கிலிருந்து ஆறு அமர்வுக்குள், வலது காலில் 30 விநாடி நிற்பது முன்பைவிட எளிதாகவில்லை என்றால் ஏழாவதிலும் ஆகப் போவதில்லை. வீட்டுப் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரி வலி விடவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், எம்ஆர்ஐ அப்போதுதான் தேவை. சம்மணச் சோதனையில் வலது முழங்கால் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் அந்தப் பன்னிரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள்.